கிட் கற்கும் மாணவர்களைக் கறுப்புத் திரைக்கு விரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் மென்பொருள் வேலைக்குத் தயாராகும் மாணவர்களுக்கான ஆலோசனைக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. நல்ல கட்டுரை, பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அதில், கிட் மென்பொருளை, கறுப்புத் திரையில் எழுத்தாகக் கட்டளை தட்டும் கட்டளை வரியில் மட்டுமே கற்க வேண்டும், பொத்தான் அழுத்தி வேலை செய்யும் செயலிகளைத் தொடவே கூடாது, அது சோம்பேறிகளின் வழி என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தது. இதே பேச்சைக் கல்லூரி ஆய்வகங்களிலும் நேர்காணல் அறைகளிலும் அடிக்கடி கேட்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்த ஒரு பத்தி அவர்களுக்குச் செய்யும் கெடுதலை நேரில் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நிரலைப் பலர் சேர்ந்து எழுதும்போது யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று பதிந்து வைத்து, தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும், தனித்தனியாகச் செய்த வேலைகளை ஒன்றாக இணைக்கவும் உதவுவதுதான் கிட். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் நிறுத்தப்பட்டதும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். இன்று எந்த மென்பொருள் நிறுவனத்துக்குப் போனாலும் முதல் நாளே கையில் கொடுக்கப்படும் கருவி இதுதான்.

இந்த வரலாற்றில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு சங்கதி இருக்கிறது. கிட் பிறந்த அதே 2005-இல் பால் மெக்கராஸ் என்ற கெர்னல் நிரலாளர் கிட்கே என்ற வரைபடச் செயலியையும் எழுதிவிட்டார். கமிட் எனப்படும் ஒவ்வொரு மாற்றப் பதிவையும் புள்ளியாகவும் அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கோடுகளாகவும் வரைந்து காட்டும் செயலி அது. இன்றுவரை கிட்டின் மூல நிரலோடு சேர்ந்தே வருகிறது. பின்னால் ஷான் பியர்ஸ் எழுதிய கிட் குயி என்ற செயலியும் கூடவே வருகிறது. அதாவது கெர்னலின் அடியாழத்தில் வேலை செய்யும் ஆட்களுக்கே இந்தக் கோடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இருபது வயதுப் பிள்ளை பார்க்க ஆசைப்பட்டால் அது எப்படிச் சோம்பேறித்தனம் ஆகும்?

கல்லூரியில் நடப்பது என்ன? கிட் ஆட், கிட் கமிட், கிட் புஷ் என்று கட்டளைகளை ரெக்கார்டு நோட்டில் எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வைவாவில் கேட்டால் மளமளவென்று சொல்கிறார்கள். அதே மாணவரிடம் இரண்டு பிராஞ்சை, அதாவது தனித்தனியாக வளரும் இரண்டு கிளைகளை, வரைந்து காட்டி, இதை அதோடு மெர்ஜ் செய்தால் (இணைத்தால்) படம் எப்படி மாறும், ரீபேஸ் செய்தால் (இதன் கமிட்டுகளை அதன் நுனியில் மறுபடி அடுக்கினால்) எப்படி மாறும் என்று கேட்டுப் பாருங்கள், பலர் நின்றுவிடுகிறார்கள். கிட் உள்ளுக்குள் வைத்திருப்பது ஒரு வரைபடத்தைத்தான். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, பிராஞ்ச் என்பது அதில் ஏதோ ஒரு கமிட்டின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். இதைக் காட்டாமல் கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால், வழி மாறியதும் பிள்ளைகள் இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். ரீசெட் ஹார்ட் என்ற கட்டளையைக் கொடுத்து, கமிட் செய்யாத வேலை முழுவதையும் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கட்டளை வரியிலும் வரைபடம் பார்க்க வழி உண்டு, லாக் கட்டளையோடு கிராஃப் என்று சேர்த்தால் எழுத்துகளாலேயே கோடு போட்டுக் காட்டும். ஆனால் முதல் மாதத்தில் அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சரி, எந்தச் செயலியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா என்றால், அதுவும் இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது, நண்பன் வைத்திருக்கிறான், யூடியூபில் காட்டினார்கள் என்று தேர்ந்தெடுத்தால் வேறு வகையில் மாட்டிக்கொள்வீர்கள். விஎஸ் கோட் என்ற நிரலெழுதும் எடிட்டர் இன்று கிட்டத்தட்ட எல்லா மாணவர்களிடமும் இருப்பதால் அதையே உதாரணமாக எடுக்கிறேன். அதில் சின்க் என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே அழுத்தலில் முதலில் புல் (சர்வரில் இருக்கும் மாற்றங்களை உள்ளே இழுப்பது), பிறகு புஷ் (நம் கமிட்டுகளை வெளியே அனுப்புவது) இரண்டையும் செய்துவிடும். எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று பார்க்க இடைவெளியே கிடைக்காது. அதைவிட ஆபத்தானது இன்னொன்று: எதையும் ஸ்டேஜ் செய்யாமல், அதாவது அடுத்த கமிட்டில் சேர வேண்டியவற்றைத் தேர்ந்து வைக்காமல், கமிட் அழுத்தினால், எல்லா மாற்றங்களையும் ஸ்டேஜ் செய்து கமிட் செய்யட்டுமா என்று கேட்கும், அதில் எப்போதும் என்று ஒரு பதிலும் இருக்கும். அவசரத்தில் அதை ஒருமுறை அழுத்திவிட்டால், அதற்குப் பிறகு எதையும் ஸ்டேஜ் செய்யாமல் கமிட் கொடுக்கும் போதெல்லாம் கேட்காமலே மாற்றிய கோப்புகள் அத்தனையும் உள்ளே போகும். சோதனைக்காக எழுதிய குப்பை வரிகள் போனால் பரவாயில்லை, தரவுத்தளக் கடவுச்சொல் எழுதிவைத்த கோப்பும் சேர்ந்து போனால்? அடுத்த கமிட்டில் கோப்பை அழித்தாலும் வரலாற்றில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். பொதுவில் திறந்த ரெப்போவுக்கு, அதாவது நிரலையும் அதன் வரலாற்றையும் வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு, போய்விட்டால் அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் முதல் வேலை, வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்காக விஎஸ் கோட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே செயலியில் அவுட்புட் பகுதிக்குப் போய் கிட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் ஒவ்வொரு பொத்தான் அழுத்தும்போதும் பின்னால் எந்தக் கிட் கட்டளை ஓடியது என்று வரிவரியாகக் காட்டும். என் பயிற்சியில் முதல் நாளே அந்தப் பகுதியைத் திறந்து வைக்கச் சொல்லிவிடுவேன். பொத்தானை அழுத்து, கட்டளையைப் படி, வரைபடத்தில் என்ன மாறியது என்று பார். கட்டளை வரியை வெறுக்காமல் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான் ஒரு செயலியை எடைபோடுவது இப்படித்தான். எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்று முதலில் பார்ப்பதில்லை, எவ்வளவைக் காட்டுகிறது என்றுதான் பார்க்கிறேன். எல்லா பிராஞ்சுகளையும் ஒரே வரைபடமாகக் காட்டுகிறதா? ஒரு கோப்பில் பத்து இடம் மாற்றியிருந்தால் அதில் இரண்டு இடத்தை மட்டும் எடுத்து ஸ்டேஜ் செய்ய விடுகிறதா? கட்டளை வரியில் ஆட் கட்டளையோடு பேட்ச் என்று கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஆம், இல்லை என்று பதில் தட்டிக்கொண்டே போக வேண்டிய இந்த வேலை, நல்ல செயலியில் சுட்டியால் வரிகளைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடும். வரைபடச் செயலிகளின் பெரிய பலமே இதுதான் என்பேன். கமிட்டுக்கு முன் தன் மாற்றத்தைத் தானே ஒருமுறை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் இதனால் வருகிறது, அந்தப் பழக்கம் வந்துவிட்டால் கடவுச்சொல் கோப்பு தானாகவே கண்ணில் பட்டுவிடும். அப்புறம், செயலி கிட் சொல்லும் அதே பெயர்களைச் சொல்கிறதா என்பதும் முக்கியம். டார்ட்டஸ்கிட் என்ற விண்டோஸ் செயலியில் ரிவர்ட் என்றால் கமிட் செய்யாத மாற்றத்தைத் தூக்கி எறிவது, கிட்டிலோ ரிவர்ட் என்றால் பழைய கமிட்டுக்கு நேரெதிரான புதிய கமிட் ஒன்றைப் போடுவது. சிக்கல் வந்து இணையத்தில் தேடும்போது கிடைக்கும் பதில்கள் எல்லாம் கிட் கட்டளைகளாகத்தான் இருக்கும் என்பதால், இந்த வேறுபாடு தெரியாதவர் சரியான பதிலைப் படித்தும் தவறான பொத்தானை அழுத்துவார்.

இனி செயலிகளைப் பற்றி. முற்றிலும் புதியவருக்கு கிட்ஹப் டெஸ்க்டாப் நல்ல தொடக்கம். இலவசம், மூல நிரலும் திறந்தது. ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப் தளம் 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வரியில் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டது, அதற்குப் பதில் அந்தத் தளம் உருவாக்கித் தரும் டோக்கன் என்ற நீண்ட குறியீடோ, நம் கணினியில் உருவாக்கும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்போ வேண்டும். எத்தனையோ மாணவர்கள் கிட்டைக் கற்பதற்கு முன்பே இந்த வாசலில் மனம் விட்டுப்போகிறார்கள். கிட்ஹப் டெஸ்க்டாப் உலாவியைத் திறந்து உள்நுழைய வைத்து அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது. மாற்றங்களைக் கைவிட்டால் கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புகிறது, அதனால் மீட்க வழி இருக்கிறது, இது பெரிய கருணை. ஆனால் அதில் கிளைபிரியும் வரைபடம் கிடையாது, வரலாறு ஒரே நீளப் பட்டியலாகத்தான் வரும். ஸ்டேஜிங் என்ற படியும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாக் கோப்புகளும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையிலேயே தொடங்கும். ஆகவே அதிலேயே நின்றுவிடக் கூடாது. லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வப் பதிப்பும் இல்லை, ஆர்வலர்கள் தனியாக உருவாக்கித் தருவதுதான் உண்டு.

விண்டோஸில் மட்டும் வேலை செய்பவர்கள், அதிலும் முன்பு சப்வெர்ஷன் என்ற பழைய கருவிக்கான டார்ட்டஸ்எஸ்விஎன் செயலியைப் பயன்படுத்தியவர்கள், டார்ட்டஸ்கிட்டுக்குப் போகலாம், கோப்புறையில் வலச்சொடுக்கு போட்டாலே எல்லாம் வந்துவிடும். சோர்ஸ்ட்ரீ இலவசம், வரைபடமும் நன்றாக இருக்கும், ஆனால் விண்டோஸ், மேக் இரண்டில் மட்டும்தான் ஓடும். கிட்கிராக்கனின் வரைபடம் கண்ணைக் கவரும், லினக்ஸிலும் ஓடும், ஆனால் இணையத்தில் இருக்கும் தனிப்பட்ட ரெப்போவைத் திறக்கப் பணம் கேட்கும். கல்லூரிப் புராஜெக்டைத் தனிப்பட்ட ரெப்போவில் வைத்திருக்கும் மாணவர்கள் பாதியில் இதில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், போடுவதற்கு முன்பே உரிம விதியைப் படித்துவிடுங்கள். ஃபோர்க், சப்லைம் மெர்ஜ் இரண்டும் வேகமானவை, காசு கொடுத்து வாங்க வேண்டியவை, பணியில் இருப்பவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, இன்டெல்லிஜே வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செயலியே தேவையில்லை, உள்ளேயே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

நம் ஊர் மாணவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இவை எதுவும் இல்லை. கிட்கேயும் கிட் குயியும்தான். பார்க்கப் பழைய காலத்துச் செயலி போலத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸுக்கான கிட்டை நிறுவினால் கூடவே வந்துவிடுகின்றன, உபுண்டுவில் தனியாக ஒருமுறை நிறுவினால் போதும். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் இல்லாமலும் ஓடும். முக்கியமாக, எடை குறைவு. கிட்கிராக்கன், கிட்ஹப் டெஸ்க்டாப், விஎஸ் கோட் மூன்றும் எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டியவை, ஒவ்வொன்றும் உள்ளே ஒரு குரோமியம் உலாவியையே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் உலாவி, எடிட்டர், தரவுத்தளம் எல்லாம் திறந்திருக்கும்போது இன்னொரு எலக்ட்ரான் செயலியைத் திறந்தால் கணினி மூச்சுத் திணறும். அரசு விலையில்லா மடிக்கணினியை இன்னும் பயன்படுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் கனமான செயலியைச் சொல்வது நியாயமில்லை. கிட் குயியில் ஸ்டேஜ் ஆகாதது, ஸ்டேஜ் ஆனது என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும், வரியைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால் அந்த வரி மட்டும் ஸ்டேஜ் ஆகும். கிட் எப்படி நினைக்கிறதோ அப்படியே திரையில் இருக்கும்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மின்னூல் திருத்துபவர்கள், மொழிபெயர்ப்புக் கோப்புகள் வைத்திருப்பவர்கள், ஓப்பன்-தமிழ் போன்ற திறந்த மூல நிரல்களில் பங்களிப்பவர்கள் என்று கிட்டைப் பயன்படுத்தும் தமிழர்கள் பலவிதம். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் கட்டளை வரியில் ஸ்டேட்டஸ் பார்க்கும்போது பெயருக்குப் பதில் எண்கள்தான் வரும். த என்ற ஓரெழுத்து 340, 256, 244 என்று மூன்று துண்டாக நிற்கும். கோர் டாட் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் இதைத் தெரியாமல் கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. வரைபடச் செயலிகளில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வருவதில்லை. கிட்கேயில் கோப்பின் உள்ளடக்கம் குழம்பித் தெரிந்தால் குயி டாட் என்கோடிங் (gui.encoding) என்பதை யூடிஎஃப்-8 என்று வைக்க வேண்டும். இன்னொரு விஷயம், கிட் மாற்றத்தை வரிவரியாகத்தான் காட்டும். உரைநடையில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருக்கும், அதில் ஒற்றெழுத்து ஒன்றைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் சிவப்பாகவும் பச்சையாகவும் வந்து நிற்கும். எதைத் திருத்தினோம் என்று தேடிக் கண் வலிக்கும். வரிக்குள்ளேயே மாறிய இடத்தை மட்டும் அழுத்தமாகக் காட்டும் விஎஸ் கோட், கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் மெல்ட் போன்றவை இங்கே பெரிய உதவி. மெய்ப்புப் பார்ப்பவர்களிடம் கட்டளை வரியைத் திணிப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

பார்வையற்ற மாணவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் அவர்களை யாரும் நினைப்பதே இல்லை. மேலே நான் புகழ்ந்த கிட்கேயும் கிட் குயியும் டிகே என்ற பழைய அடித்தளத்தில் எழுதியவை, என்விடிஏ போன்ற திரை வாசிப்பான்களோடு அவை ஒத்துப்போவதில்லை. அவர்களுக்கு விஎஸ் கோட் நன்றாகப் படித்துக் காட்டும், அல்லது கட்டளை வரியே வசதியாக இருக்கும். ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே செயலிதான் என்று சட்டம் போடும் துறைத் தலைவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கான்ஃப்ளிக்ட் வரும்போதுதான் நல்ல செயலியின் அருமை தெரியும். இருவர் ஒரே வரியை இரு விதமாக மாற்றியிருந்தால் கிட் அந்தக் கோப்புக்குள் அம்புக்குறிகளைப் போட்டு இரண்டையும் எழுதி வைத்துவிடும், வெறும் எடிட்டரில் அதைப் பார்க்கும் புதியவர் மிரண்டு, ஒருவருடைய வேலையை முழுசாக அழித்துவிட்டு நகர்ந்துவிடுவார். மெல்ட், கேடிஃப்3, விஎஸ் கோட்டில் 2022-இல் வந்த மெர்ஜ் எடிட்டர் போன்றவை இருவரின் மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும், பிரிவதற்கு முன்னிருந்த பழைய வரியையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பழைய வரி தெரிந்தால்தான் யார் எதை ஏன் மாற்றினார் என்று புரியும். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன், ரீபேஸின்போது நம்முடையது, அவர்களுடையது என்ற பக்கங்கள் இடம் மாறி வரும், எந்தச் செயலியாக இருந்தாலும் படிக்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது.

கட்டளை வரி தேவையில்லை என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். தொலைவில் இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போனால் சாளரம் எதுவும் இருக்காது, அங்கே கட்டளை தெரிந்தாக வேண்டும், அல்லது டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரைக்குள்ளேயே ஓடும் லேஸிகிட், டிக் போன்றவை கைகொடுக்கும். பிராஞ்சைத் தவறுதலாக அழித்துவிட்டால் நாம் எந்தெந்தக் கமிட்டில் நின்றோம் என்ற குறிப்பைக் காட்டும் ரீஃப்லாக் கட்டளைதான் காப்பாற்றும், யாரும் அமைப்பை மாற்றாமல் இருந்தால் தொலைந்த கமிட்டின் தடம் 30 நாளாவது அதில் இருக்கும். டார்ட்டஸ்கிட்டில் இதைப் பார்க்க வசதி உண்டு, கிட்ஹப் டெஸ்க்டாப்பில் இல்லை. என் வாதம் வரிசையைப் பற்றியது: முதலில் கண்ணால் பார்க்கட்டும், புரியட்டும், பிறகு கட்டளையைத் தட்டட்டும், அப்போது தட்டுகிற ஒவ்வொரு கட்டளைக்கும் மனத்தில் ஒரு படம் ஓடும்.

நேர்காணல் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தச் செயலி பயன்படுத்துகிறாய் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் சிரித்து, பையனையோ பெண்ணையோ கூனிக்குறுக வைக்கும் பழக்கம் நம் துறையில் இருக்கிறது. கிராமத்திலிருந்து வந்து, முதல் தலைமுறையாகக் கல்லூரி முடித்து, யாரும் சொல்லித்தராமல் தானாகவே ஒரு செயலியைக் கண்டுபிடித்துக் கற்றுக்கொண்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒரு வரைபடத்தைக் காட்டி, இந்த இரண்டு பிராஞ்சையும் எப்படி இணைப்பாய் என்று கேளுங்கள், எதைப் பயன்படுத்தி இணைக்கிறார் என்பது அவர் விருப்பம்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளில் கிட்கே, கிட் குயி, மெல்ட் மூன்றையும் நிறுவி வையுங்கள், லேப் அட்மினுக்கு அது ஒரு வரிக் கட்டளை வேலை. ரெக்கார்டு நோட்டில் கட்டளை எழுதும் பயிற்சி ஒன்றை எடுத்துவிட்டு, இரண்டிரண்டு மாணவர்களாக உட்கார வைத்து, ஒரே கோப்பின் ஒரே வரியை வேண்டுமென்றே இருவரும் மாற்றச் சொல்லி, வரும் கான்ஃப்ளிக்டைத் தீர்க்க வையுங்கள். முடித்ததும் வரைபடத்தைத் திறந்து, எந்தப் புள்ளி யாருடையது, இரண்டு கோடும் எங்கே சேர்ந்தன என்று அவர்களே சொல்லட்டும். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள். உங்கள் கல்வி இணைப்பிலும் இந்தப் பயிற்சியைப் படங்களோடு ஒரு பக்கமாக வெளியிட முடிந்தால் நல்லது, அதற்கு வேண்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளையும் விளக்கத்தையும் தயார் செய்து தர நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்